கட்டிலில் கிடப்போருக்குச் சங்கம் எது?

ஆலையிலே ஓர் அநீதி. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். செய்த வேலைக்குக் கூலி பிடிக்கிறான். விரல் நசுங்கியவனுக்கு விடுப்பு இல்லை என்கிறான். தொழிலாளி என்ன செய்கிறான்? சங்கத்துக்குப் போகிறான். மனு எழுதுகிறான். பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்புகிறான். ஒன்றும் பலிக்காவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருகிறான். அவன் கையிலே உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பை நிறுத்திவிடும் உரிமை இருக்கிறது. ஆகவே, முதலாளி எவ்வளவு கல்நெஞ்சனாக இருந்தாலும், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் காது கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

அதே தொழிலாளிக்கு எண்பது வயதாகட்டும். கால் நடக்க மறுக்கட்டும். மக்கள் தொலைவிலே இருக்கட்டும், அல்லது இல்லாமலே போகட்டும். ஒரு விடுதியின் கட்டிலிலே அவன் கிடக்கட்டும். காலையில் உடல் துடைத்துவிட ஆள் வரவில்லையென்றால் அவன் எந்த வேலையை நிறுத்துவான்? ஆறிப்போன சோறு வந்தால் எந்த வாயிலிலே மறியல் செய்வான்? யார்மீது புகார் சொல்ல வேண்டுமோ அவர் கையாலேயே அன்றிரவு அவன் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும்! அதனால் வாயை மூடிக்கொள்கிறான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உண்மை. ஆனால் அழுதால் என்ன வருமோ என்று அஞ்சிக் கிடக்கும் முதியவருக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்ட நாடு ஒன்று உண்டு, தோழர்களே. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. டாலர் நாடு என்று நாம் சொல்கிறோமே, அந்த அமெரிக்காதான்!

வானளாவிய கட்டடங்களைப் படத்திலே பார்த்திருக்கிறோம். அந்தக் கட்டடங்களைக் கட்டிய கைகள் தளர்ந்தபின் எங்கே போயின என்று பார்த்தோமா? பெரும்பாலோர் வீட்டிலேயே முதுமையைக் கழிக்கிறார்கள். ஆனால் எழுந்து நடக்க முடியாத, நினைவு மங்கிய, எந்நேரமும் ஒருவர் துணை தேவைப்படுகிற முதியோரில் சுமார் 12 லட்சம் பேர், அங்கே "நர்சிங் ஹோம்" என்று அழைக்கப்படும் விடுதிகளிலே வாழ்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் தனியார் மருத்துவமனை என்று பொருள். அங்கே அது நீண்டகாலம், பலருக்கு வாழ்வின் கடைசி நாள்வரை, தங்கும் இடம். அப்படிப்பட்ட விடுதிகள் ஏறத்தாழ 15,000. பத்தில் ஏழு, இலாபத்துக்காக நடத்தப்படுபவை. அங்கே இருப்போரில் பெண்களே மிகுதி.

இந்த விடுதிகள் காளான்போல் முளைத்தது எப்போது? 1965-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில், இரண்டு சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, மூத்த அமெரிக்கர் சட்டம். இரண்டாவது, முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்ற மருத்துவ உதவித் திட்டங்கள். நல்ல நோக்கம், நல்ல சட்டங்கள். ஆனால் சர்க்கார் பணம் ஆறாக ஓடத் தொடங்கியதும், அந்த ஆற்றங்கரையிலே கடை போட்டவர்கள் யார்? மருத்துவம் தெரிந்தவர்களா? தொண்டு உள்ளம் கொண்டவர்களா? சிலர் இருந்தனர். பலரோ கணக்கு மட்டும் தெரிந்தவர்கள். ஒரு படுக்கைக்கு இவ்வளவு வரவு. அந்தப் படுக்கைக்கு எவ்வளவு குறைத்துச் செலவிட முடியுமோ அவ்வளவு மிச்சம்!

விளைவு என்ன? 1970 ஜனவரியில் ஓஹையோ மாநிலத்து மேரியட்டா நகரில் ஒரு விடுதி தீப்பற்றியது. முப்பதுக்கு மேற்பட்ட முதியோர் மாண்டனர். நாடு திடுக்கிட்டது. செனட் சபையிலே பிராங்க் மாஸ் தலைமையிலான துணைக்குழு பல ஆண்டுகள் விசாரணை நடத்தி, பக்கம் பக்கமாக அவலங்களை அச்சிட்டு வெளியிட்டது. பொதுக் கொள்கையின் தோல்வி என்றே அது தன் அறிக்கைக்குத் தலைப்பிட்டது.

அதே 1970-இல் மேகி கூன் என்ற பெண்மணி, 65 வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போய் மூலையிலே உட்கார்ந்தாரா? இல்லை! தன்னைப் போன்றவர்களைத் திரட்டினார். "கிரே பாந்தர்ஸ்", அதாவது நரைத்த சிறுத்தைகள், என்று அந்த இயக்கத்துக்குப் பெயர் வழங்கலாயிற்று. முதியோர் விடுதிகளின் அவலமும் அவர்கள் போராட்டப் பட்டியலில் ஏறியது. 1975-இல் எல்மா ஹோல்டர் என்பவர் முன்னின்று, நாடெங்கும் சிதறிக் கிடந்த மக்கள் குழுக்களை ஒன்று சேர்த்து, விடுதிச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கினார்.

கூச்சல் மேலிடத்தை எட்டியது. 1971-இல் ஜனாதிபதி நிக்சன், விடுதிகளைச் சீர்படுத்த எட்டு அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதிலே ஓர் அம்சம்: விடுதியில் இருப்போரின் புகாரைக் கேட்டு விசாரிக்கத் தனி ஏற்பாடு. அடுத்த ஆண்டே, 1972-இல், ஐந்து இடங்களில் சோதனை தொடங்கிற்று. நான்கு, மாநில அரசுகள் வழியாக. ஐந்தாவது யார் கையில் தெரியுமா? தொழிலாளர் சங்கங்களின் ஆதரவோடு வளர்ந்த மூத்த குடிமக்கள் தேசிய மன்றத்தின் கையில்! ஆலையிலே புகார் மனு எழுதிப் பழகிய கை, விடுதிக் கட்டிலுக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டு சென்றது. இதை நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை வெற்றி பெற்றது. முதியோர் நலத்துறை ஆணையராக இருந்த ஆர்தர் பிளெமிங் அதை எல்லா மாநிலங்களுக்கும் விரிக்க முனைந்தார். 1978-இல் சட்டமே திருத்தப்பட்டது: ஒவ்வொரு மாநிலமும் இந்த அலுவலகத்தை வைத்தே தீர வேண்டும்! 1981-இல் அதன் எல்லை சிறு காப்பகங்களுக்கும் விரிந்தது.

இந்த அலுவலருக்கு அவர்கள் வைத்த பெயர் "ஆம்பட்ஸ்மன்". சுவீடன் நாட்டுச் சொல். அந்நாட்டுப் பாராளுமன்றம் 1809-இல், அதிகாரிகள்மீது குடிமக்கள் கூறும் குறைகளைக் கேட்க இப்படி ஒரு பதவியை ஏற்படுத்தியது. நாம் குறைகேட்பாளர் என்று சொல்லலாம். பெயர் கிடக்கட்டும், அவர் செய்யும் வேலை என்ன?

விடுதிக்குத் தணிக்கை அதிகாரியும் வருகிறார். குறைகேட்பாளரும் வருகிறார். இருவருக்கும் வேறுபாடு உண்டு. தணிக்கை அதிகாரி சட்டப் புத்தகத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, எந்த விதி மீறப்பட்டது என்று பார்க்கிறார். அது தேவை. குறைகேட்பாளரோ கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்கிறார். அவருக்கு எஜமானர் அந்த அம்மாதான். விடுதி உரிமையாளர் அல்ல, மேற்பார்வையாளர் அல்ல, கட்டணம் கட்டுகிற மகன்கூட அல்ல!

அந்த அம்மா சரி என்று சொன்னால்தான் புகார் நகரும். வேண்டாம் என்றால் நிற்கும். பெயரைச் சொல்லாதே என்றால் சொல்ல மாட்டார். ஒருவர் புகார் கொடுத்தார் என்று காட்டிக்கொள்ளாமல், அந்த மாடியில் இருக்கும் எல்லோரிடமும் பேசி, பொதுக் குறையாக எடுத்துச் செல்லும் வழியும் அவருக்குத் தெரியும். சட்டம் அவருக்கு இரண்டு உரிமைகளைத் தந்திருக்கிறது: விடுதிக்குள் நுழையும் உரிமை ஒன்று, இருப்பவரிடம் தனியாகப் பேசும் உரிமை மற்றொன்று. அனுமதி கேட்டு வாயிலிலே கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எவரும் அழைக்காமலே வரலாம்; வர வேண்டும்.

இந்த இரண்டாவது உரிமைதான் உயிர்நாடி. ஏன்? பழிவாங்கல் எப்படி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கையை ஓங்கிக்கொண்டு வருவதில்லை. மணி அடித்தால் அரை மணி கழித்து வருவார்கள். சாப்பாட்டு வண்டி எல்லா அறைக்கும் போய்விட்டுக் கடைசியாக இந்த அறைக்கு வரும். "நேற்று நம்மைப்பற்றிச் சொன்னீர்களாமே" என்று ஒரு சொல், சிரித்துக்கொண்டே சொல்லப்படும். அந்தச் சிரிப்புப் போதும். அந்தக் கிழவி இனி வாய் திறக்க மாட்டாள். ஆகவேதான், மேற்பார்வையாளர் காதுக்கு எட்டாத இடத்தில் பேசும் உரிமை வேண்டும்.

"ஏன், விடுதியிலேயே புகார்ப் பெட்டி இருக்கிறதே!" என்பார்கள் உரிமையாளர்கள். இருக்கிறது! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாக இருக்கிறது. பெட்டியின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதல்லவா கேள்வி!

1985-இல் எல்மா ஹோல்டரின் கூட்டமைப்பு ஒரு காரியம் செய்தது. நிபுணர்களைக் கேட்கவில்லை; உரிமையாளர்களைக் கேட்கவில்லை. 15 நகரங்களில், விடுதிகளில் வாழும் 400-க்கு மேற்பட்ட முதியோரையே கேட்டது: நல்ல கவனிப்பு என்றால் எது? அவர்கள் பளிங்குத் தரையைக் கேட்கவில்லை. அன்பாகப் பேசும் பணியாளரைக் கேட்டார்கள். எப்போது எழுவது, எதை உண்பது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையைக் கேட்டார்கள். மனிதராக நடத்து என்றார்கள், வேறொன்றுமில்லை.

அந்தக் குரல் வீண்போகவில்லை. 1987 டிசம்பரில் விடுதிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பழிவாங்கலுக்கு அஞ்சாமல் குறை சொல்லும் உரிமை அதிலே எழுதப்பட்டது. இருப்போர் தமக்குள் மன்றம் அமைத்துக்கொள்ளலாம். குடும்பத்தாரும் மன்றம் அமைக்கலாம். கட்டிலோடு, நாற்காலியோடு கட்டிப்போடுவதைத் தண்டனையாகவோ பணியாளர் வசதிக்காகவோ செய்யக் கூடாது. ஆம், தோழர்களே, கட்டிப்போட்டார்கள்! அந்தச் சட்டத்துக்கு முன்னால், விடுதியில் இருந்தோரில் பத்தில் நால்வர் அளவுக்கு ஏதோ ஒரு வகையில் கட்டப்பட்டுக் கிடந்தார்கள் என்று கணக்குகள் கூறின. பின்னர் அது நூற்றுக்கு மூவருக்கும் கீழே இறங்கியது. கயிறு போயிற்று. ஆனால் சில இடங்களில் கயிற்றின் வேலையை மாத்திரை செய்கிறது. மயக்க மருந்து கொடுத்து அமைதிப்படுத்துகிறார்கள். அதையும் தடுக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று சொன்னால் போதுமா? போய்ப் பார்க்கக் கண் வேண்டும். கேட்கக் காது வேண்டும்.

சரி, இந்தக் குறைகேட்பாளர்களிடம் வரும் புகார்கள் எவ்வளவு? ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம். பத்தில் ஏழு அளவுக்கு, புகார் கொடுத்தவர் மனம் ஒப்பும் வகையில் முழுதாகவோ ஓரளவோ தீர்க்கப்படுகின்றன. விடுதிகளைப் பொறுத்தவரை பல ஆண்டுகளாக முதலிடத்திலே நிற்கும் புகார் எது? உப்பில்லாத சோறா? ஊழியர் ஏச்சா? அவையும் உண்டு. ஆனால் முதல் புகார், "என்னை வெளியே போ என்கிறார்கள்" என்பதுதான்!

இதன் உள்விவகாரத்தைக் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து ஒருவர் விடுதிக்கு வந்தால், மெடிகேர் அதிகபட்சம் 100 நாள் பணம் தருகிறது. அதிலும் முதல் 20 நாளுக்குத்தான் முழுத் தொகை. அது நல்ல தொகை. அது தீர்ந்து, கைப்பணமும் கரைந்தால், ஏழைக்கான மெடிகெய்டு வருகிறது. விடுதிகளில் இருப்போரில் பத்தில் ஆறு பேர் அதை நம்பி இருப்பவர்கள். அதன் தொகை குறைவு. ஆகவே சில உரிமையாளர்கள் என்ன எண்ணுகிறார்கள்? நல்ல தொகை தீர்ந்தவர் எழுந்து போனால், அந்தக் கட்டிலில் நல்ல தொகையோடு இன்னொருவர் வந்து படுப்பார்! கட்டில் ஒன்றுதான், ஆள் மாறினால் வரவு மாறுகிறது.

நேரடியாகப் போ என்று சொல்ல முடியாது. சட்டம் ஆறு காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்ற அனுமதிக்கிறது. பொதுவாக 30 நாள் முன்னதாக எழுத்திலே அறிவிப்புத் தர வேண்டும். மேல்முறையீட்டு உரிமையைச் சொல்ல வேண்டும். குறைகேட்பாளர் முகவரியும் அதில் இருக்க வேண்டும். ஆகவே குறுக்கு வழி தேடுகிறார்கள். நினைவு மங்கிய முதியவர் ஒரு நாள் கத்துகிறார். உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மூன்று நாளில் அவர் குணமாகித் திரும்பும்போது, "இடமில்லை" என்கிறார்கள். அவருடைய போர்வை, படம், செருப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவர் மட்டும் வெளியே!

இந்த இடத்திலேதான் குறைகேட்பாளர் தேவைப்படுகிறார். அறிவிப்பை வாங்கிப் படிக்கிறார். "இந்தக் காரணம் சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார். முறையீட்டு மனுவை எழுத உதவுகிறார். விசாரணையிலே பக்கத்தில் உட்காருகிறார். கேட்க ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்தவுடனே, பல விடுதிகளில் "இடம்" எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது!

இதுவரை புகழ்ந்தேன். குறையையும் சொல்ல வேண்டாமா?

முதற் குறை, அதிகாரமின்மை. குறைகேட்பாளர் அபராதம் போட முடியாது. உரிமத்தைப் பறிக்க முடியாது. பேசலாம், வாதாடலாம், தணிக்கைத் துறையைத் தட்டி எழுப்பலாம். அவ்வளவுதான். இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. 2,000 படுக்கைக்கு முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும் என்று 1995-இல் மருத்துவ அறிஞர் குழு பரிந்துரைத்தது. 2,000 படுக்கைக்கு ஒருவர்! அதையே பல மாநிலங்கள் எட்டவில்லை. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி உழைப்பதால்தான் வண்டி ஓடுகிறது.

மூன்றாவது குறைதான் பெரிது. பெரும்பாலான மாநிலங்களில் இந்த அலுவலகம் அரசுத் துறை ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. 2011-இல் புளோரிடாவில் என்ன நடந்தது? அம்மாநிலத் தலைமைக் குறைகேட்பாளர் பிரையன் லீ, விடுதிகளிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: "உங்கள் உரிமையாளர்கள் யார் யார்? விவரம் கொடுங்கள்." அவ்வளவுதான்! அடுத்து அவர் பதவியை விட்டு விலகும்படி நெருக்கப்பட்டார். மாநில அரசு குறைகேட்பாளர் பணியிலே தலையிட்டது தவறு என்று மத்திய அரசின் முதியோர் நலத்துறையே பின்னர் விசாரித்துக் கூறியது. வேலியே பயிரை மேய்ந்த கதை! குறை கேட்பவரின் சம்பளமும் பதவியும் யார் தயவில் இருக்கின்றன என்று பார்க்காமல், குறை கேட்கும் முறையை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

பிறகு வந்தது 2020. கொரோனாத் தொற்று. மார்ச் 13-இல் விடுதிகளின் கதவுகளை மூடும்படி மத்திய அரசு உத்தரவிட்டது. மக்கள் உள்ளே போக முடியவில்லை. குறைகேட்பாளரும் போக முடியவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினர் பிள்ளைகள். தொற்றைத் தடுக்க எண்ணிச் செய்தார்கள். ஆனால் பார்க்கும் கண்ணும் கேட்கும் காதும் அதனோடு தடுக்கப்பட்டன. அந்தக் கொள்ளைநோயில், அந்த விடுதிகளில் வாழ்ந்தோரில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். எத்தனை பேர் நோயால், எத்தனை பேர் தனிமையால் என்று யார் பிரித்துச் சொல்வது!

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விடுதியில் உடல் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிடும் உதவியாளர் எதிரி அல்ல. அவரும் தொழிலாளி. குறைந்த கூலிக்கு உழைப்பவர், பெரும்பாலும் பெண், பலர் கறுப்பினத்தவர், பிழைக்க வந்த வெளிநாட்டவர். ஒருவர் பார்க்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குபேரை அவர் தலையிலே கட்டினால், மணி அடித்த எல்லோரிடமும் ஓட அவருக்கு எத்தனை கால்கள்? ஆள் போதாமையே பாதிப் புகாருக்கு வேர். 2024-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரக் கவனிப்பு வேண்டும். பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். விடுதி உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம், அதை 2034 வரை அமல்படுத்தவே கூடாது என்று தள்ளி வைத்தது. உரிமையாளருக்குச் சங்கம் இருக்கிறது, பாருங்கள்! வழக்கறிஞர் இருக்கிறார்! கட்டிலில் கிடப்பவருக்கு வாரத்திலோ மாதத்திலோ ஒரு முறை வந்து போகும் அந்த ஒரு மனிதர்தான்.

நமக்கு இதிலே என்ன என்று கேட்கலாம். இந்தியாவிலும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. "அமைக்கலாம்" என்கிறது, "அமைக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நல்லது. ஆனால் தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றக் கை எழ வேண்டும்; பேசுவதை யாரும் கேட்காத இடம் வேண்டும்; பேசிய பிறகு அதே கூரையின்கீழ் தூங்கும் தைரியம் வேண்டும். கூப்பிட முடிந்தவருக்குத்தான் அந்த எண். கூப்பிட முடியாதவரிடம் தானே நடந்துபோய்க் கேட்கும் ஆள் வேண்டும் என்பதுதான் அந்த நாட்டின் அரை நூற்றாண்டு அனுபவம் சொல்வது. இல்லாவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்!

ஆகவே, நம் ஊரில் முதியோர் இல்லம் ஒன்று எழும்போது, சுவர் எவ்வளவு உயரம், திறப்பு விழாவுக்கு யார் வந்தார் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள், தோழர்களே. மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பவரின் குறையை யார் கேட்கிறார்? கேட்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? சொன்னவருக்கு மறுநாள் என்ன பாதுகாப்பு?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். உள்ளே கிடப்பவர்களும் ஒரு காலத்தில் கருவி பிடித்த கைக்காரர்கள்தான். அவர்களால் இன்று கருவியைக் கீழே வைக்க முடியாது. ஆகவே அவர்களுக்காக நாம் குரலை உயர்த்த வேண்டும்.